உறுமல் பெட்டி

வாசல் பக்கம் உட்கார்ந்தால் சாரல் அடிக்கும் தம்பி. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். தொப்பியை அந்த ஆணியில் மாட்டுங்கள், என் வீட்டுக்காரர் சட்டை மாட்டின ஆணி, விழாது. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். நீங்கள் தூத்துக்குடிப் பக்கம் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மராத்தியில் கேட்டிருந்தால் ஆமாம், இல்லை என்று முடித்திருப்பேன். நம் பேச்சில் கேட்கிறீர்கள், அதனால் கதையை முழுசாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்க வந்ததும் அதில் இருக்கும், கேட்கத் தோன்றாததும் இருக்கும். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

என் பெயர் சண்முகவடிவு. தாராவியில் மைக்செட் வடிவு என்றால்தான் தெரியும். கீழே இருக்கிற கடை என் வீட்டுக்காரர் சொரிமுத்து வைத்தது. கல்யாணம், சடங்கு, கணபதி, கந்தூரி, எலெக்‌ஷன், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் எங்களிடமிருந்துதான் போகும். அவர் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தபிறகு நானே நடத்தினேன். அவர் ஒயர் பற்றவைக்கும்போதெல்லாம் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவள்தானே, கை தானாகப் பழகிக்கொண்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இசக்கிதான் பிள்ளை.

இசக்கி என் தம்பி. அவனைப் பெற்ற காய்ச்சலோடு எங்கள் அம்மை போய்விட்டாள். எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பச்சைப்பிள்ளையும் கூட வரும், சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன். பம்பாய் ரயிலில் வழியெல்லாம் என் மடியில் படுத்து வந்தவன். எனக்கு வேண்டியிருந்தது என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். இசக்கி என் கூடவே இருக்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டவள் இல்லை.

சிறுவயதில் ஒருநாள் கல்யாண ஊர்வலத்துப் பேண்டுக்காரர்கள் பின்னாலேயே மாஹிம்வரை போய்விட்டான். தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, கரண்டியைக் காயவைத்து உள்ளங்காலில் ஒரு இழுப்பு இழுத்தேன். நம் பக்கத்தில் செய்யாததா. புண் ஆறும்வரை இடுப்பைவிட்டு அவனை இறக்கவில்லை. அவனும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டேதான் கிடந்தான். அதன்பிறகு எந்த ஊர்வலம் போனாலும் வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. வலி என்னவோ ஆறிவிடுகிறது, பிள்ளை நம்மிடம் தங்கிவிடுகிறான். இதை நான் அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன்.

வளர்ந்தபிறகு வந்தது இந்தக் கிட்டார். ஆறு தந்திக் கிட்டார் இல்லை, நாலு தந்தி உள்ளது, பாஸ் கிட்டார் என்பார்கள். தந்தி ஒவ்வொன்றும் கயிறு மாதிரி இருக்கும். தட்டினால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வரும். ரிப்பேருக்கு வந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டு இசக்கி சும்மா வாசித்துப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வானமாமலை கடைக்குள் வந்தான்.

நல்ல பையன் தம்பி. வீடு மாட்டுங்காவில். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. காதை மூடின முடி, காலோடு ஒட்டின கால்சட்டை. ஆனால் என்னைப் பார்த்ததும் கைகூப்புவான். காலேஜ் விழாவுக்கு மைக் செட் கேட்க வந்தவன், இசக்கியின் விரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கொஞ்ச நாளில் பீட் குரூப் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வானமாமலை கிட்டார், இசக்கி பாஸ், தோல் பட்டறைக்கார வீட்டுப் பையன் ஜமால் டிரம். செம்பூரில் பிறந்தநாள், திலக் நகரில் கல்யாண வரவேற்பு என்று வாசித்தார்கள். நான் தடுக்கவில்லை. எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

பிறகு வானமாமலை கல்கத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அங்கே ஒரு ஹோட்டலில் தினமும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம், தங்க இடமும் உண்டாம். இசக்கி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"யக்கா, போய்ப் பாத்துட்டுதான் வாரேனே."

"எப்பல வருவ?"

"அது என்ன யக்கா, பிடிச்சிருந்தா அங்கனயே இருக்க வேண்டியதுதான். நீயும் வந்துரு."

"கடைய யாரு பாப்பா?"

"கடை என்ன கடை. அத்தானே போயாச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கடை ஷட்டருக்கு அடியில், தரையில் ஒரு பள்ளம் இருக்கும். மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொண்டால் ஷட்டர் சரியாக உட்காராது. கடையைச் சாத்துகிறபோது இசக்கி குனிந்து விரலை விட்டுச் சேற்றைத் தள்ளுவான், நான் மேலே கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவன் "ம்" என்றதும் இழுப்பேன். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் "ம்" என்று சொல்வதற்கு முன்னால் இழுத்தேன். கை தவறி என்று எல்லோரும் நினைத்தார்கள். தவறவில்லை. இடது கைதான் அப்போது உள்ளே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன். தந்தியை அமுக்குகிற கை அது. சோறு தின்கிற கையைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா.

நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கிவிட்டன. எலும்பு ஒடிகிற சத்தத்தை ஷட்டர் சத்தம் மூடிவிட்டது. அவன் கத்தினது மூடவில்லை. என் முந்தானையைக் கிழித்துச் சுற்றி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு விரலிலும் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள். கட்டு அவிழ்க்கும்வரை நான்தான் தலை வாரிவிட்டேன், சட்டை மாட்டிவிட்டேன். வலது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் சோற்றை உருட்டி நானே ஊட்டினேன். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வானமாமலை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். இசக்கியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"போறது போ. பாஸ் நான் வாசிக்கறேன். கிட்டாருக்கு ஆள் பாத்துக்கலாம். நீ எங்க கூட வந்து சவுண்ட் பாரு. விரல் போனா என்னடா, உன் காது யாருக்கு இருக்கு?"

இசக்கியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட மாதிரி. நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

காதைப் பற்றியும் யோசித்தேன் தம்பி, மறைக்க மாட்டேன். கடையில் அமிலம் இருக்கிறது, கம்பி இருக்கிறது. ஆனால் அந்தக் காது குத்தினபோது நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். அது துடித்த துடிப்பு இன்னும் என் தொடையில் இருக்கிறது. மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப ஒரே பிள்ளையை வலிக்கச் செய்வது நியாயமும் இல்லை. அதனால்தான் வானமாமலை. அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வழியையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். வெளிநாட்டு ரெக்கார்டு ஒன்றில் ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கிறான். காலால் அமுக்குகிற ஒரு சின்னப் பெட்டி, அதன் வழியாகப் போனால் கிட்டார் கிழிந்த குரலில் உறுமுமாம். அங்கெல்லாம் கடையில் கிடைக்கும், இங்கே யாரிடமும் இல்லை.

"நீங்க பண்ணித் தரணும் அக்கா. பாஸ் உறுமணும். உறுமிண்டே ஆடணும், தொட்டில் மாதிரி ஏறி எறங்கணும். நான் கையை எடுத்தாலும் நிக்கப்படாது, அது பாட்டுக்குக் கத்திண்டே இருக்கணும். கல்கத்தாக்காரன் மூர்ச்சையாயிடணும்."

"ஏன்டா, பாட்டு வாசிக்கியளா, பேய் ஓட்டுதியளா?" என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இசக்கி ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, எந்த டிரான்சிஸ்டர், எது எதோடு சேர வேண்டும் என்று சொன்னான். அவன் விரலுக்குக் கம்பி பிடிக்க வரவில்லை, நான் பற்றவைத்தேன். லாரி டூல்பாக்ஸ் ஒன்றை வெட்டி இரும்புப் பெட்டி செய்தோம். மேலே காலால் அமுக்க ஒரு பித்தளைப் பொத்தான், பக்கத்தில் திருக ஒரு குமிழ். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் உறுமல். முழுக்கத் திருப்பினால் அது தன்னாலேயே ஊளையிட ஆரம்பிக்கும், யாரும் தந்தியைத் தொட வேண்டாம், ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதலில் கடையில் வைத்துப் பார்த்தபோது பக்கத்து வீட்டு மாடியிலிருந்து முருகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு, கடைக்குள்ள சினை எருமையவா கட்டிப் போட்டிருக்க?"

இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விரல் போனபிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் அவனும் ஒரே மேஜையில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து செய்த பெட்டி அது. நல்ல பெட்டி. நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் பத்திரமாக வையுங்கள்.

இப்போது நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்ததில் பாதி ஆம்ப்ளிஃபயர் பழைய மாதிரி. இரண்டு முள் பிளக். ஒரு பக்கமாகச் சொருகினால் ஒன்றும் இல்லை, திருப்பிச் சொருகினால் அதன் இரும்பு உடம்பெல்லாம், அதில் மாட்டின கிட்டார் தந்திவரைக்கும், கரண்ட் ஏறி நிற்கும். பாட்டு ஒழுங்காகப் பாடும், வெளியில் ஒன்றும் தெரியாது, தொட்டவனுக்குத்தான் தெரியும். அதற்காக என் வீட்டுக்காரர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பிளக்கின் கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார். எங்கே போனாலும் முதலில் டெஸ்டர் வைத்து போர்டைப் பார்த்து, முடிச்சு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சுண்ணாம்பால் போர்டில் ஒரு பொட்டு வைப்பார். அதன்பிறகு பொட்டும் முடிச்சும் ஒரே பக்கம் இருந்தால் போதும். எங்கள் ஆட்கள் யாரும் அந்த முடிச்சைச் சந்தேகப்பட மாட்டார்கள். செத்தவர் கட்டின முடிச்சு அது, எங்களுக்குச் சாமி மாதிரி. ஆனால் நூல்தானே. நகத்தால் தள்ளினால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

பெட்டியை வைத்து வாசித்துப் பார்க்க மாட்டுங்காவில் ஒரு பஜனை ஹாலைப் பிடித்திருந்தார்கள். வானமாமலையின் அப்பாவுக்கு அங்கே செல்வாக்கு. சாமி படம் இருக்கிற ஹால், அதனால் செருப்பு வெளியில். மொசைக் தரை. நல்ல மழை, குடையும் காலும் சொட்டி உள்ளேயெல்லாம் ஈரம். அந்த ஹாலில் எத்தனை பஜனைக்கு எங்கள் செட் போயிருக்கிறது. போர்டில் என் வீட்டுக்காரர் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. எங்களிடம் இருந்த நல்ல ஆம்ப்ளிஃபயரை அன்றைக்குச் செம்பூரில் ஒரு தொட்டில் போடுகிற வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வாடகை வேண்டாம், பிள்ளை பிறந்த வீடு என்றேன். பழையதைத்தான் இசக்கி தூக்கிவந்தான். வழியில் டாக்சியில் அது என் மடியில் இருந்தது. நூலை அப்போது தள்ளினேன்.

ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். "நனையுது, சுருட்டி வையுங்க, அப்பா ஏசப்போறாரு" என்றேன். வானமாமலையே சுருட்டி வைத்தான். இசக்கி மேல்பையைத் தடவினான்.

"யக்கா, டெஸ்டர் எங்க?"

என் இடுப்பில்தான் இருந்தது.

"கடையில வச்சிட்டு வந்துட்டியா? அதான் அத்தான் நூல் இருக்குல்லா. அதப் பாத்துப் போடுல."

முடிச்சைப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். சொருகினான்.

வானமாமலை ஒரு மரப்பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தான். மரத்தின்மேல் இருந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தொங்கவிட்டுப் பெட்டியை அமுக்கினான். உறுமிற்று. ஜமால் டிரம் குச்சியைத் தூக்கி எறிந்து பிடித்தான். "மஸ்த் மச்சான், ஹால் இடியப்போவுது." வானமாமலை குனிந்து குமிழை முழுக்கத் திருப்பினான். ஊளை கிளம்பியது, ஏறியது, இறங்கியது. சாமி படத்துக் கண்ணாடி அதிர்ந்தது. சந்தோஷம் வந்தால் அவனுக்கு உட்கார்ந்து வாசிக்க முடியாது, எழுந்து ஆடுவான், அது எல்லோருக்கும் தெரியும். எழுந்தான். இன்னொரு வெறுங்கால் தரையில் பட்டது.

முதுகு வில்லாக வளைந்தது. தலை பின்னால் போனது. தந்தியைப் பிடித்த கை பிடித்தபடி இறுகி, விரல் முட்டியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வாய் திறந்திருந்தது, ஆனால் குரல் வந்ததா என்று சொல்ல முடியாது, ஊளைதான் கேட்டது. கை எடுத்தாலும் நிற்கக் கூடாது என்று கேட்டானே. நிற்கவில்லை. ஜமால் அவன் ஆடுகிறான் என்று நினைத்து டிரம்மை அடித்துக்கொண்டே போனான். இசக்கி சிரித்த முகத்தோடு ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பி, பிளாஸ்டிக் குமிழைப் பிடித்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான். வானமாமலை நாக்கைக் கடித்துக்கொண்டு வாயோரத்தில் ரத்தம் வழிந்தபிறகும், முடி கருகின வாசனை வந்தபிறகும்தான் அவர்களுக்கு ஏதோ தோன்றியது. அவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். நெற்றி டிரம்மின் இரும்பு விளிம்பில் மோதிப் பிளந்தது. கிட்டார் அவன் அடியில். ஊளை அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜமால் தொடப் போய்த் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் விழுந்தான்.

பிளக்கை நான்தான் பிடுங்கினேன். அவசரப்படவில்லை. கையில் பிளக் இருக்கும்போதே நூலையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

விசாரிக்க வந்தவர்கள் முடிச்சைப் பார்த்தார்கள், இசக்கியைப் பார்த்தார்கள். பிளக்கை மாற்றிச் சொருகிவிட்டான், ஈரத்தரை, விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். இசக்கியும் அப்படித்தான் சொன்னான். அவனுக்கு முடிச்சைப் பொட்டுப் பக்கம் பார்த்துச் சொருகின மாதிரிதான் நினைவு, ஆனால் இப்போது பார்த்தால் முடிச்சு சரியான இடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் தான்தானே தவறாகப் பார்த்திருக்க வேண்டும். வானமாமலையின் அப்பா காலில் போய் விழுந்தான். அந்த மனுஷன் தூக்கி நிறுத்தி, உன்மேல் தப்பில்லைடா என்றாராம். அதைக் கேட்டபிறகு இசக்கிக்கு இன்னும் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எங்கேயும் போகவில்லை. கல்கத்தா என்ற பேச்சே இல்லை. ஜமால் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். காலையில் கடையைத் திறப்பான், என் எதிரில் உட்காருவான், சாத்துவான். நான் நினைத்ததைவிட நன்றாக அமைந்துவிட்டது. தான் ஒருவனைக் கொன்றவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை எங்கே போவான், அக்காவின் பக்கத்தைவிட்டு? அதை நான் முன்கூட்டியே யோசித்துச் செய்தேனா என்று கேட்காதீர்கள். யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து அவன் சாப்பாடு குறைந்துவிட்டது. தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். நேற்று முழுக்கப் பட்டினி. இன்றைக்குக் காலையில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து, பிளக்கைக் கையில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தான். "நான் கொன்னுட்டேன் யக்கா. நான் உசிரோட இருக்கப்படாது" என்றான். எந்த அக்காவுக்குப் பொறுக்கும்? என் பிள்ளை நோகாமல் இருக்கத்தானே இவ்வளவும். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிச் சொன்னேன்.

"நீ கொல்லலடா ராசா. நீ சரியாத்தான் போட்ட. நூலத் தள்ளுனது நானு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான். அதைக் கொஞ்ச நேரம் விரித்து விரித்து மூடினான்.

"ஷட்டரும் நீதானா யக்கா?"

"சோறு போடுதேன், எந்திரி" என்றேன்.

எழுந்தான். சட்டையை மாட்டினான். நான் இருப்புச்சட்டியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன், பாரம் இறங்கிவிட்டது, இனிப் பசிக்கும் என்று. திரும்பிப் பார்த்தபோது படியிறங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், காதில் விழவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

அவன்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெருமுனையில் உங்கள் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறான், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கம். ஜமால் அவனுக்குப் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறான், அது யாருடைய பெட்டியோ. போய் அவனை மேலே வரச் சொல்லுங்கள். நான் உங்களோடு வருகிறேன், எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன், ஆனால் அவன் சாப்பிட்டபிறகுதான். நான் போய்விட்டாலும் அவன் இந்த வீட்டில்தான் இருப்பான். எனக்காகக் காத்திருப்பான். அவனுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். படியேறும்போது சொன்னீர்களே, வீட்டில் மகள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள், பிடித்து வைக்க முடியவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்று. நல்லா இருப்பாள் தம்பி. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பானை குறையாமல் இருக்கட்டும். அந்தப் பிள்ளை ஒரு நாளும் உங்கள் வாசலைத் தாண்டிப் போகாமல், உங்கள் கண் முன்னாலேயே, உங்கள் கைச் சோற்றையே தின்றுகொண்டு நூறு வயது இருக்கட்டும்.